உள்ளே ஆள்: 1

போடிமெட்டைத் தாண்டி ஜீப்பு எஸ்டேட் மண்பாதையில் திரும்பியபோது மத்தியானச் சாப்பாட்டு நேரம்தான். ஆனாலும் பால்சாமி முன்விளக்கைப் போட்டுவிட்டார். மலைக்காரர்கள் மஞ்சு என்று சொல்கிற மூடுபனி ஏலச்செடிகளுக்கு மேல் இறங்கி, போகிற பாதையை விழுங்கிக்கொண்டிருந்தது.

"தம்பி, நீங்களும் டிரைவருன்னு சொன்னாங்களே. எந்த வண்டி?" என்றார் பால்சாமி.

முத்துக்கண்ணன் சிரித்தான். போடியில் இந்தக் கேள்வியைக் கேட்காத ஆள் பாக்கியில்லை. பெண் பார்க்கப் போன வீட்டிலும் கேட்டார்கள். "நான் ஓட்டுறவன் இல்லண்ணே. மிசினுக்குள்ள ஒரு சிப்பு இருக்கும். அதுக்கும் கம்ப்யூட்டருக்கும் நேரடியாப் பேச வராது. ரெண்டுக்கும் நடுவுல சேதி கொண்டுபோய்க் குடுக்க ஒரு புரோகிராம் வேணும். அதுக்கும் டிரைவருன்னுதான் பேரு. நான் அதை எழுதுறவன்."

"அப்ப புரோக்கர்னு சொல்லுங்க" என்று பால்சாமி வழக்கை முடித்துவைத்தார்.

புரோக்கர் என்பதில் தப்பொன்றும் இல்லை. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்களுக்கு மிசின் செய்து கொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனிக்கு அவன் போடியில் தன் வீட்டு மாடியில் உட்கார்ந்தே வேலை பார்த்தான். மிசினின் மூளையாக இருக்கிற கெர்னலுக்கும், கரண்டு போனாலும் மறக்காத ஒரு தனிவகை மெமரி சிப்புக்கும் நடுவே ஓடுவது அவன் எழுதிய டிரைவர். மலையில் ஒரு தூறல் போட்டால் கரண்டு போய்விடும். திரும்பி வரும்போது, சூடு எவ்வளவு, எத்தனை மணி நேரம் ஓடியது, உலர்த்தும் அறைக்குள் ஆள் உண்டா இல்லையா என்பதெல்லாம் மிசினுக்கு ஞாபகம் இருக்க வேண்டும். அதற்குத்தான் அந்தச் சிப்பு.

அதற்கு ஒரு குறை உண்டு. அடிக்கடி எழுதினால் தேய்ந்துவிடும். முத்துக்கண்ணன் கெட்டிக்காரன் அல்லவா, ஒரு வழி கண்டுபிடித்தான். வருகிற சேதியை அவன் டிரைவர் உடனே சிப்பில் கொண்டுபோய் எழுதாது. கையிலேயே வைத்துக்கொண்டு, நாலைந்து சேர்ந்ததும் மொத்தமாக எழுதும். ஆனால் மேலே கேட்கிற கெர்னலிடம் மட்டும் "எழுதியாச்சு" என்று அப்போதே சொல்லிவிடும். சிப்பின் ஆயுசு பல மடங்கு கூடியது. கம்பெனியில் எல்லோரும் கைதட்டினார்கள். இவனுக்கும் தலைகால் புரியவில்லை.

மிசின் வருவதற்கு முன், இப்போது ஜீப்பு போகிற எஸ்டேட்டின் ஸ்டோர்ப் பெண்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. காயைக் கிளறிவிட அறைக்குள் போகிறவள், அடுப்புச் சூட்டை உள்ளே ஊதுகிற காற்றாடியின் பீஸ் கட்டையைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டு போவாள். அவள் வெளியே வந்து கட்டையைத் திரும்பச் சொருகினால்தான் காற்றாடி சுற்றும். மிசினை மாட்ட வந்த அன்றைக்கு முத்துக்கண்ணன் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கதவுப் பக்கத்தில் இருந்த பச்சைப் பட்டனைக் காட்டினான். "இனிமே மடியில கட்டிக்கிட்டு அலைய வேண்டாம்க்கா. உள்ள போகையில ஒரு அழுத்து, வெளிய வந்ததும் ஒரு அழுத்து. கீன்னு சத்தம் வந்துச்சுன்னா மிசினு ஞாபகம் வச்சுக்கிருச்சுன்னு அர்த்தம். உள்ள ஆள் இல்லைன்னாத்தான் அது சாத்துன கதவைப் பூட்டிக் காத்தாடியைச் சுத்தவிடும்."

போன வாரத்துக்கு முந்தின வாரம் அந்த ஸ்டோரில் வேலுத்தாய் என்கிற பெண் உலர்த்தும் அறைக்குள் மாட்டிக்கொண்டு செத்துப்போனாள். பட்டனை அழுத்த மறந்துவிட்டாள் என்று கம்பெனியில் சொன்னார்கள். முத்துக்கண்ணனும் ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டு இட்லியைச் சாப்பிட்டு முடித்தான்.

இப்போது அவன் மலையேறி வந்ததற்குக் காரணம் வேறு. அறையைக் கழுவி, பூசை போட்டு, மறுபடி ஓட்டலாம் என்று பார்த்தால் மிசின் ஓட மறுக்கிறது. உள்ளே ஆள் இருக்கிறது என்கிறது.

ஸ்டோர் வாசலில் சூப்பர்வைசர் அழகுராஜா குடையோடு நின்றார். "வாங்க சார். வெரசா முடிச்சுக் குடுங்க. எடுத்த காயெல்லாம் சாக்குலயே கெடந்து வேர்க்குது. இன்னைக்கு உலத்தலைன்னா எல்லாம் கருத்துப் போகும்."

உள்ளே ஏலக்காய் வாசனை மூக்கை அடைத்தது. நாள்பட்ட வாசனை, அடியில் ஈரப் புகையும் வேறு ஏதோ ஒன்றும் கலந்திருந்தது. அணைந்து கிடந்த அடுப்புக்கு முன்னால் தலையில் துண்டைக் கட்டிய ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அடுக்கியிருந்த விறகையே எடுத்து மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அடுப்பு பாக்குற அமாவாசை" என்று அழகுராஜா குரலைத் தாழ்த்தினார். "செத்துப்போன பொம்பளை இவரு சம்சாரந்தான். லீவு எடுத்துக்கோன்னு சொல்லிட்டோம். கேக்க மாட்டேங்குறாரு."

இரும்புக் கதவுக்குப் பக்கத்தில் திரை மினுங்கியது.

உள்ளே ஆள்: 1.

முத்துக்கண்ணன் கதவை முழுக்கத் திறந்து பார்த்தான். கூரைவரை அடுக்கடுக்காகக் கம்பித் தட்டுகள். ஆள் இல்லை. லேப்டாப்பை இணைத்து, சிப்பில் சைபர் என்று எழுதினான். திரையும் சைபர் காட்டியது. நல்லது என்று மிசினை நிறுத்தி மறுபடி போட்டான்.

உள்ளே ஆள்: 1.

மறுபடி அழித்தான். மறுபடி ஒன்று.

சிப்பு கெட்டுவிட்டது, வேறென்ன. பெட்டியைத் திறந்து பழையதைக் கழற்றினான். புதுச் சிப்பை உறையிலிருந்து பிரித்து மாட்டினான். இதுவரை எவனும் ஒரு எழுத்துகூட எழுதாத சிப்பு. மிசினைப் போட்டான்.

உள்ளே ஆள்: 1.

பிறந்த பிள்ளைக்குப் போன சென்மத்து ஞாபகம் இருக்குமா? அவன் முதுகில் வியர்வை ஊர்ந்தது. அந்தக் குளிரில் வியர்த்தது அவனுக்கே விளங்கவில்லை.

"தம்பி, ஒரு சந்தேகம்."

அமாவாசை பின்னால் வந்து நின்றிருந்தார். துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்திருந்தார்.

"அன்னைக்கு நான் இந்தா, அடுப்புக்கிட்டதான் இருந்தேன். அவ காயக் கெளற வந்தா. கீன்னு பட்டன் சத்தம் கேட்டுச்சு. என் காதால கேட்டேன். கேட்டதும் கேக்காததுமா கரண்டு போச்சு. நான் வெறகு கொண்டார வெளிய போயிட்டேன். கரண்டு வந்ததும் ஓடியாந்து இந்தத் திரையைத்தான் பாத்தேன் தம்பி. சைபர்னு இருந்துச்சு. கதவும் பூட்டிக்கிருச்சு, காத்தாடியும் ஓடுது. சரி, லயத்து வீட்டுக்குச் சோறாக்கப் போயிட்டா போலன்னு நெனச்சேன்." அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டார். "அடுப்புல கட்டையத் தள்ளி நல்லா எரிய விட்டேன். நான்தான் எரிய விட்டேன்."

அழகுராஜா செருமினார். அமாவாசை நிறுத்தவில்லை.

"அவ மறந்துட்டான்னு எல்லாரும் பேசுறாக. கூறுகெட்ட பொம்பளை, தன் உசுரையும் விட்டு ஸ்டோருக்கும் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டான்னு. கூடப் பொறந்த தங்கச்சியே சொல்லுது. அவ அப்படி மறக்குற ஆளு இல்ல. ஆனா நானும் எத்தனை நாளு என் காதை மட்டும் நம்பிக்கிட்டு இருக்க? நீங்க படிச்சவுக, இந்த மிசினைச் செஞ்சவுக. நீங்க சொன்னா ஏத்துக்கிறேன். அவ அழுத்துனாளா, இல்லையா?"

கீ என்ற சத்தம். உடனே கரண்டு போனது. முத்துக்கண்ணனுக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை.

அவள் அழுத்தியிருக்கிறாள். அவன் டிரைவர் அந்தச் சேதியை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, எழுதியாச்சு என்று சொல்லியிருக்கிறது. மிசினும் நம்பி, கீ என்று கத்தியிருக்கிறது. அடுத்த நொடி கரண்டு போக, கையில் இருந்த சேதி காற்றோடு போயிற்று. சிப்பில் இருந்தது பழைய சைபர்தான். இதைச் சோதித்துப் பார்க்காமலா விட்டான்? பார்த்தான். எழுதியதைத் திரும்பப் படித்துச் சரி, சரி என்று டிக் அடித்தான். படித்தது சிப்பிலிருந்து அல்ல. டிரைவர் கையில் வைத்திருந்த நகலிலிருந்து. தன் பரீட்சைத்தாளைத் தானே திருத்தித் தானே பாஸ் போட்டுக்கொண்டான். சிப்பு தேயக்கூடாது என்று பார்த்தான், ஒரு மனுசி வெந்துபோனாள்.

"அதான் எல்லாரும் விசாரிச்சுட்டுப் போயிட்டாங்களே அமாவாசை" என்று அழகுராஜா குறுக்கே வந்தார். பிறகு முத்துக்கண்ணன் பக்கம் திரும்பினார். "மிசின்ல கோளாறு ஒண்ணும் இல்லைல்ல சார்?"

சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். நாக்கு நுனிவரை வந்தது. கம்பெனி, வேலை, போடித் தெருவில் நாளைக்குப் பார்க்கப்போகும் முகங்கள் எல்லாம் கண்முன் வந்து நின்றன.

"மிசின் பொய் சொல்லாதுண்ணே" என்றான்.

அமாவாசை மெள்ளத் தலையாட்டினார். "அப்படிங்களா. சரிங்க தம்பி." துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு அடுப்புக்கே திரும்பிப் போனார். அவர் ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால்கூட முத்துக்கண்ணன் இவ்வளவு குறுகியிருக்க மாட்டான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவத்தைச் செய்தவன் லேப்டாப்போடு நிற்க, பழியைச் சுமந்தவள் மண்ணுக்குள் கிடந்தாள்.

பொய் சொல்லாத மிசின் அவன் முதுகுக்குப் பின்னால் ஒன்று என்று காட்டிக்கொண்டிருந்தது.

அன்றைக்குப் போய்ச் சேராத சேதி இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறதோ என்று ஒரு நினைப்பு ஓடியது. அதை உதறிவிட்டு அவன் காரியத்தைப் பார்த்தான். டிரைவரில் ஒரு வரியை மாற்றினான். சிப்பு என்ன சொன்னாலும் சரி, இனிமேல் மேலே போகிற பதில் சைபர்தான். வாயைப் பொத்துகிற வேலை. அவன் கைக்கு அது கனகச்சிதமாக வந்தது.

திரை சைபர் காட்டியது. அழகுராஜாவுக்கு உயிர் வந்தது. பெண்கள் வந்து பச்சைக் காயைத் தட்டுகளில் பரப்பிவிட்டுப் போனார்கள். அமாவாசை அடுப்பைப் பற்றவைத்தார்.

உள்ளே சூடு பார்க்கிற ஒயர் ஒன்று மட்டும் பின்சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் சரியாகச் சொருகிவிட்டுக் கிளம்பலாம் என்று முத்துக்கண்ணன் அறைக்குள் போனான். பட்டனை அழுத்தவில்லை. அழுத்தி என்ன, சைபர் என்றுதானே சொல்லப்போகிறது. அவன் பின்சுவருக்குப் போய்ச் சேர்ந்தபோது கரண்டு போனது.

இருட்டு. பகல் இருட்டு. வாசல் வழியாக மஞ்சு மட்டும் சாம்பல் நிறத்தில் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை. காற்றில் கதவு சாத்திக்கொண்டது.

கரண்டு வந்தது. வெளியே கொண்டி விழுகிற சத்தம் கேட்டது.

காற்றாடி சுழன்றது.

வெந்த காற்று முகத்தில் அறைந்தது. தட்டுகளில் இடித்துக்கொண்டு ஓடிப் போய்க் கதவைக் குத்தினான். "அமாவாசைண்ணே! அண்ணே!" காற்றாடி இரைச்சலில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. இரும்பு சுட்டது. மூச்சை இழுத்தால் நெஞ்சுக்குள் சூடு இறங்கியது. அவளும் இதே இடத்தில் நின்றுதான் இதே கதவைக் குத்தியிருப்பாள். அவளுக்கு யாரைக் கூப்பிடுவது என்று தெரிந்திருக்கும், அந்தப் புருசனோ வெளியே விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

அப்போது அந்தச் சத்தம்.

சரக். சரக்.

பின்சுவர்ப் பக்கம். காயைக் கையால் கிளறுகிற சத்தம். அத்தனை இரைச்சலிலும் அது தனியாகக் கேட்டது.

ஒரு தட்டு முடிந்து அடுத்த தட்டு. அவசரமே இல்லை. வேலை தெரிந்த கை.

அவன் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

சரக். சரக். அவன் தோளுக்குப் பக்கத்துத் தட்டில் வந்து நின்றது.

வெளியே கீ என்று பட்டன் கத்தியது.

காற்றாடி நின்றது. கொண்டி தானாக விலகியது. முத்துக்கண்ணன் வெளியே வந்து தரையில் விழுந்தான்.

அமாவாசை ஓடிவந்து அவனைத் தூக்கினார். "உள்ளயா இருந்தீக? நான் வெறகெடுக்கப் போயிட்டனே! நான் ஒண்ணும் அழுத்தலை தம்பி, மிசினே நின்னுருச்சு!"

முத்துக்கண்ணன் திரையைப் பார்த்தான். சைபரைத் தவிர வேறொன்றும் சொல்ல முடியாதபடி அவனே வாயைக் கட்டிவைத்த திரை.

உள்ளே ஆள்: 2.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒன்றாகக் குறைந்தது.

அமாவாசை சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். தலையைத் தாங்கிப் பிடித்துக் குடிக்க வைத்தார். தன் துண்டால் அவன் முகத்தைத் துடைத்தார். இவர் பெண்சாதி போட்ட பிச்சையில் உயிரோடு உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரிந்தும், அழகுராஜா வந்து என்ன சார் ஆச்சு என்று கேட்டபோது அவன் வாய் சொன்னது இதுதான்: "சென்சார் கோளாறு. போடில போய்ச் சரிபண்ணி அனுப்புறேன். அதுவரைக்கும் ஓட்டாதீங்க."

ஜீப்பு வரை வந்து வழியனுப்பியதும் அமாவாசைதான். வீடு சேர்ந்ததும் சொல்லுங்கள் என்று தன் போன் நம்பரையும் கொடுத்தார். "பாத்துப் போங்க தம்பி. வீட்டுல போய்ச் சுடுசோறு சாப்பிடுங்க."

வளைவுகளில் இறங்கும்போது பால்சாமி ஏதேதோ பேசிக்கொண்டு வந்தார்.

போடியில் விளக்கு வைக்கிற நேரம். மாடி அறையில் முத்துக்கண்ணன் கதவைச் சாத்திக்கொண்டு மேசை முன் உட்கார்ந்தான். மிசினின் மூளையும் சின்னத் திரையுமாகச் சோதனைக்கு வைத்திருக்கும் போர்டு மேசைமேல் கிடந்தது. ஒரு மாதமாகத் தொடாத போர்டு. கோளாறை யாருக்கும் தெரியாமல் சரிசெய்து, மற்ற ஸ்டோர்களுக்கும் சத்தமில்லாமல் அனுப்பிவிட்டால் போதும்; யாரும் கேட்கப்போவதில்லை. ஒயரைச் சொருகினான்.

உள்ளே ஆள்: 2.

முதலில் அவனுக்கு உறைக்கவில்லை. பிறகுதான் பார்த்தான். அந்தப் போர்டோடு எந்தப் பட்டனும் இணைக்கவில்லை, எந்தக் கதவும் இல்லை. உலர்த்தும் அறை என்று அதற்கு ஒன்று கிடையவே கிடையாது.

அது இருப்பது இந்த அறைக்குள்தான்.

இந்த அறையில் அவன் ஒருவன்.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஆனாலும் புழுங்கியது. பச்சை ஏலக்காய் வெந்துபோகும் வாசனை நாற்காலிக்குப் பின்னாலிருந்து வந்தது.

எழுந்து ஓடியிருக்கலாம், கதவு இரண்டடி தூரத்தில் இருந்தது. பயத்தைவிட வெட்கம் பெரிதாக இருந்தது. சாவிலிருந்து இழுத்து வெளியே விட்டவளைப் பார்த்து எந்த முகத்தோடு ஓடுவது? போனை எடுத்து அமாவாசைக்குப் போட்டான்.

"அண்ணே. அக்கா அழுத்துனாங்க."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"உங்க காது கேட்டது நெசம். மிசினு மறந்துருச்சு. மிசினு இல்லண்ணே, நான். நான் எழுதுனது தப்பு. மத்தியானம் நீங்க கேட்டப்பவே எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் பொய் சொன்னேன். காலைல வந்து லயத்துல எல்லாருக்கும் முன்னாடி நின்னு சொல்றேன். கம்பெனிலயும் சொல்லிடுறேன். அவங்க மறக்கலண்ணே."

வசவு வரும் என்று காத்திருந்தான். அதாவது வரட்டும் என்றிருந்தது.

"தம்பி, போனை வச்சிராதீக."

"இல்லண்ணே, வைக்கலை. திட்டுங்க."

"அதுக்கில்ல." அமாவாசையின் குரல் இறங்கிக் கிசுகிசுப்பாயிற்று. "உங்க பக்கத்துல இருமுறது யாரு?"

முத்துக்கண்ணனின் காதில் மின்விசிறி ஓசை தவிர ஒன்றும் விழவில்லை.

"யாருமில்லண்ணே."

"அடுப்புப் புகையில வந்த இருமல் தம்பி அது. கல்யாணம் ஆன நாள்லேருந்து என் பக்கத்துல படுத்து இருமுன இருமல். எனக்குத் தெரியாதா?" குரல் உடைந்தது. "போனை அப்படியே கீழ வைங்க. நீங்க பேச வேணாம்."

அவன் ஸ்பீக்கரைப் போட்டுப் போனை மேசைமேல் வைத்தான். கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, தலை குனிந்து உட்கார்ந்தான். மலை உச்சியிலிருந்து அமாவாசையின் குரல் வந்தது. அது அவனோடு பேசவில்லை.

"ஏ புள்ள. நீ அழுத்துனியாம்ல. இந்தத் தம்பியே சொல்லிருச்சு."

கொஞ்சம் நிறுத்தினார். பதில் கேட்கிற ஆள்போல "உம்" கொட்டினார். மறுபடி ஏதோ சொன்னார், மறுபடி நிறுத்தினார், ஒருமுறை அழுகைக்கு நடுவே லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தார். வெகுநேரம் அப்படியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

முத்துக்கண்ணனுக்கு அவள் பேச்சு ஒன்றுகூடக் கேட்கவில்லை. அவனிடம் பேச அவளுக்கு ஒன்றும் இல்லை.